நிறுத்துதல் என்னும் உறுப்பு



தமிழில் ஒரே சொல் இரு வேறு திசைகளை நோக்கி நிற்பதுண்டு. ‘நிறுத்துதல்’ அத்தகைய சொல். விழுந்த குழந்தையைத் தாய் தூக்கி நிறுத்தினாள் என்கிறோம். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்றும் சொல்கிறோம். முன்னதில் ஓர் உயிர் எழுந்து நிற்கிறது. பின்னதில் ஓர் உயிர் வாயிலுக்கு வெளியே நிற்கிறது. வகுப்பில் இலக்கணம் நடத்திய நாள்களில் இவ்விரு தொடர்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டியிருக்கிறோம். அன்று அது பொருள் வேறுபாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு என்ற அளவிலேயே நின்றுவிட்டது.

நற்காட்சிக்கு உறுப்புகள் எட்டு என்பது நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்தது. ஐயமின்மை முதலாக அறவிளக்கம் ஈறாக அருங்கலச்செப்பு அவற்றை வைத்துப் பேசுகிறது. அவ்வெட்டனுள் ஐந்தாவது பழிநீக்கல், ஆறாவது நிறுத்துதல். வடநூலார் இவற்றை உபகூஹனம், ஸ்திதிகரணம் என்பர். நல்வழியினின்றும் வழுவுகின்ற ஒருவரை மீண்டும் அவ்வழியில் நிலைபெறச் செய்வதே நிறுத்துதல் என்பது சமந்தபத்திராசாரியார் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் காட்டும் கருத்து. நம்மில் பலர் இதனை முனிவர்க்கும் நோன்பிகட்கும் உரிய செய்தியாகக் கருதிக் கடந்துவிடுகிறோம். அந்நூல் சிராவகர்க்கு, அதாவது இல்லறத்தார்க்கு எழுதப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். இல்லறத்தார் தம் பகற்பொழுதில் பெரும்பகுதியைக் கழிக்குமிடம் இன்று இல்லமும் அன்று, ஜினாலயமும் அன்று, பணியிடம். ஆகவே இவ்வுறுப்பு நம்மிடம் உண்டா இல்லையா என்பது தெரிய வேண்டிய இடமும் அதுவே.

இதனை எழுதத் தூண்டியது நம் பேத்தி கேட்ட ஒரு கேள்வி. சென்னையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் அவள் பணிபுரிகிறாள். எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வேலையை முடிக்க வேண்டும். அதனை அவர்கள் ‘டீம்’ என்கிறார்கள். அவ்வெண்மருள் ஒருவர் தம் மனைவியை இழந்தவர். மூன்று வயதுக் குழந்தை உண்டு. திரும்பி வந்ததிலிருந்து அவர் செய்யும் வேலையில் பிழைகள் மலிகின்றன. அவற்றைத் திருத்த மற்றவர்கள் இரவு நெடுநேரம் விழிக்கிறார்கள். ஒருநாள் மேலாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, வேலை தாமதமாவது யாரால் என்று கேட்கத் தொடங்கினாராம். மறுநாள் இவள் முறை.

“உள்ளதைச் சொல்லிவிடட்டுமா, பாட்டி? பொய் சொல்லக் கூடாது என்று நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள்?” என்று தொலைபேசியில் கேட்டாள்.

உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. “இரண்டு நாள் தவணை கேட்டுக்கொள், அம்மா” என்று மட்டும் சொன்னோம். இதே கேள்விக்கு நாம் ஒருமுறை விடை சொல்லியிருக்கிறோம். அதனை ஈண்டு ஒளியாமல் எழுதுவதே முறை.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகட்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பள்ளியில் உடன் ஆசிரியை ஒருவர் தம் ஒரே மகனை மஞ்சட்காமாலைக்குப் பறிகொடுத்தார். ஒரு திங்கள் விடுப்புக்குப் பின் பணிக்கு வந்தார். கரும்பலகைப் பக்கம் திரும்புவார்; சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவார். மதிப்பெண் பதிவேட்டில் கூட்டல் தவறும். பாடக்குறிப்பேடு வாரக்கணக்கில் எழுதப்படாமல் கிடந்தது. ஆசிரியர் அறையில் நாங்கள் அனைவரும் அவருக்காக இரக்கப்பட்டோம். அவர் வெளியே சென்றதும் அவரைப் பற்றியே பேசினோம். ஆய்வுக்கு அதிகாரி வந்தார். ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடம் ஏன் இப்படிப் பின்தங்கியிருக்கிறது என்று நம்மைக் கேட்டார். உள்ளதைச் சொன்னோம். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அடுத்த திங்களே அவருக்குத் தொலைவிலுள்ள ஒரு சிற்றூருக்கு மாறுதல் ஆணை வந்தது. சில திங்களில் வேலையையே விட்டுவிட்டார் என்று கேள்வியுற்றோம். அவரைப் பின்னர் நாம் காணவில்லை. ஆண்டுதோறும் தசலட்சணப் பருவம் முடிந்து ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டும் நாளில் முதலில் நம் கண்முன் வருவது அந்த அம்மையாரின் முகமே.

மெய்தானே சொன்னோம் என்று பன்னாள் நம்மை நாமே தேற்றிக்கொண்டதுண்டு. பிறகு இரத்தினகரண்டகத்தை மீண்டும் பயின்றபோது, வாய்மை என்னும் அணுவிரதத்திற்கு ஆசாரியர் கூறிய இலக்கணம் நம்மைத் திடுக்கிடச் செய்தது. பொய் சொல்லாமையோடு அவர் அமையவில்லை. பிறருக்கு இடர் விளைக்குமாயின் மெய்யையும் சொல்லாமை அவ்விரதத்துள் அடங்கும் என்கிறார். அதன் வழுக்களை எண்ணுமிடத்தில் புறங்கூறலையும் சேர்க்கிறார். ஆசிரியர் அறையில் நாங்கள் செய்ததற்கு அதுவே பெயர். ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளநூல் படித்தோம். பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஆசிரியரின் உளம் பற்றி ஒரு பக்கமும் படிக்கவில்லை. ஆயினும் அது படித்தறிய வேண்டிய ஒன்றன்று. அந்த அம்மையாரின் பாடக்குறிப்பேட்டை எழுதிக் கொடுக்க வாரத்திற்கு ஒரு மணி நேரம் போதும். மதிப்பெண் கூட்டலைச் சரிபார்க்க இன்னும் அரை மணி. எங்களில் ஒருவரும் அதனைச் செய்யவில்லை.

நிறுத்துதலுக்கு நூலோர் காட்டும் எடுத்துக்காட்டு வாரிசேண முனிவர். இராசகிருகத்துச் சிரேணிக மன்னனின் மைந்தர். அரசைத் துறந்து தவம் பூண்டவர். ஒரு சிற்றூரில் அவருக்கு ஆகாரம் அளித்த புஷ்படாலன் என்னும் இளமை நண்பன், வழியனுப்பும் மரியாதைக்காக அவருடன் சிறிது தூரம் நடந்தான். நடந்தவன் திரும்ப நாணி, அவருடனே சென்று துறவும் பூண்டான். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. உடல் தவத்தில் இருந்தது. உள்ளம் வீட்டில் விட்டு வந்த மனைவியிடம் இருந்தது. ஒருநாள் அவன் பொறுக்க மாட்டாமல் ஊர் நோக்கிப் புறப்பட எண்ணினான்.

வாரிசேணர் அதனை அறிந்தார். சங்கத்தார் நடுவே அவனை நிறுத்தி வினவவில்லை. ஆசாரியரிடம் சென்று முறையிடவும் இல்லை. “வா, போவோம்” என்று அவனோடு தாமும் நடந்து, இராசகிருகத்தில் தம் அன்னை சேலினியின் அரண்மனைக்கே அழைத்துச் சென்றார். துறவி வீடு திரும்பினால் எந்தத் தாய்க்கும் ஐயம் எழும். அன்னை பற்றுடையார்க்கு ஏற்றதோர் இருக்கையும் பற்றற்றார்க்கு ஏற்றதோர் இருக்கையும் இட்டாள். முனிவர் பின்னதில் அமர்ந்தார். பின்பு, தாம் துறந்த மனைவியர் அனைவரையும் அணிகலன்களோடு வருவிக்கச் செய்து, “இவை யாவும் நான் விட்டவை. வேண்டுமாயின் இவ்வரசுரிமையை நீ கொள்” என்றார். புஷ்படாலன் நாணித் தலைகுனிந்தான். அதன்பின் அவன் தவம் மெய்த்தவம் ஆயிற்று.

இக்கதையில் முடிவைக் காட்டிலும் நடையையே நாம் பெரிதாக எண்ணுகிறோம். தடுமாறுகிறவன் எத்திசையில் போனானோ அத்திசையிலேயே முனிவரும் உடன் நடந்தார். தம் தவத்தைப் பிறர் ஐயுறுவர் என்று தெரிந்தும் நடந்தார். பெற்ற தாயே ஐயுற்றாள் அல்லவா? விழுவாரைத் தாங்குவோர் மீதும் சிறிது புழுதி படும். அதற்கு அஞ்சியே நம்மில் பலர் எட்ட நின்றுவிடுகிறோம்.

பேத்தியின் கேள்வி நெஞ்சில் கிடக்க, முன்னரே ஏற்பாடாகியிருந்த தென்பாண்டி யாத்திரைக்கு மறுநாள் விடியலில் புறப்பட வேண்டியதாயிற்று. கழுகுமலையில் பாறைமுகம் எங்கும் செதுக்கிய தீர்த்தங்கரர் திருமேனிகளைத் தொழுதோம். கீழே வட்டெழுத்தில் குரவர், குரத்தியர், அவர்தம் மாணாக்கர் எனப் பலர் பெயர்கள். கற்பித்த பெண்டிரின் பெயர்களை ஆயிரத்து இருநூறு ஆண்டுகட்கு முன்னைய கல்லில் காண்பது ஓர் ஆசிரியைக்கு என்ன மகிழ்ச்சி தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலை தென்காசி சேர்ந்தோம். குற்றாலத்தில் சாரல் காலம். இளையோர் அருவிக்குச் சென்றனர். நாம் முழங்கால் வலியோடு கரையில் நின்று தூவானத்தோடு நிறைவடைந்தோம். மறுநாள் காலை அம்பாசமுத்திரம் சாலையில் கடையம் வந்தோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் உள்ள ஊர். பாரதியாரின் துணைவியார் செல்லம்மாள் பிறந்த ஊர். இருவரும் சேர்ந்து நிற்கும் சிலை ஒன்று 2022இல் அங்கு நிறுவப்பட்டுள்ளது. அதன் முன் நின்றபோதுதான் நாம் தேடிய விடையின் ஒரு பாதி கிடைத்தது. பாரதியார் ஜைனர் அல்லர். ஆயினும் இவ்வுறுப்பை அவர் வாழ்வில் வைத்துக் காண்பது எளிது.

மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதியார், 1904இல் சென்னை சென்று ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரன் இதழில் உதவியாசிரியர் ஆனார். பின்னர் ‘இந்தியா’ இதழ், 1908இல் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுச்சேரி, அங்கே பத்தாண்டுகள். 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். டிசம்பரில் விடுதலை கிடைத்தது. ஆனால் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருத்தல் வேண்டும், எழுதுவதைக் காவல்துறைக்குக் காட்டியே வெளியிடல் வேண்டும் என்னும் கட்டுகளோடு. அவ்வாறு வந்து சேர்ந்த ஊர் கடையம். 1920 வரை அங்கே இருந்தார்.

அக்காலத்து அவர் நிலையை எண்ணிப் பாருங்கள். நாடறிந்த எழுத்தாளர், ஆனால் எழுதும் தொழில் கையை விட்டுப் போயிற்று. வறுமை. ஊராரில் பலர் அவர் நடையுடை கண்டு ஒதுங்கினர். செல்லம்மாளின் சகோதரர் அப்பாத்துரையும் அக்குடும்பத்தாரும் துணையாய் இருந்தனர். 1919இல் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதினார், பயன் விளையவில்லை. 1920இல் தம் நூல்களை 40 பகுதிகளாக, பகுதிக்கு 10,000 படிகள் வீதம் அச்சிட வேண்டும் என்று பெருந்திட்டம் வகுத்து, பொருளுதவி வேண்டிக் கடையத்திலிருந்து அறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல் நூல்கள் வீடுதோறும் விற்பனையாக வேண்டும் என்பது அவர் ஆசை. அதுவும் கைகூடவில்லை. இன்றைய அலுவலகம் ஒன்றில் இத்தகைய திட்டத்தை நீட்டுபவரை எப்படிப் பார்ப்பார்கள்? நிலை தடுமாறியவர் என்று ஒதுக்கியிருப்பார்கள்.

ஆனால் அவரோடு ஒரு தொழிலில் நின்றவர்களுள் சிலர் அவரை விட்டுவிடவில்லை. அவர் புதுச்சேரியை விட்டு வர இயலாதிருந்த காலத்தில், அவரினும் இளையவரும் பத்திரிகைத் தொழிலில் தோழருமான பரலி சு. நெல்லையப்பர், 1917இல் ‘கண்ணன் பாட்டு’ முதலிய நூல்களைச் சென்னையில் அச்சிட்டு வெளியிட்டார். சுதேசமித்திரனோ, காவலர் கண்ணில் குற்றவாளியாக இருந்த அம்மனிதரின் கட்டுரைகளை ஏற்று வெளியிட்டு வந்தது. கடலூர்ச் சிறையிலிருந்து அவரை விடுவிக்க முயன்றவர்களுள் அவ்விதழின் ஆசிரியர் அ. ரங்கசாமி ஐயங்காரும் ஒருவர். 1920இல் தடைகள் நீங்கியதும், அவ்வாண்டு இறுதியில் பாரதியாரை மீண்டும் சுதேசமித்திரனில் உதவியாசிரியராக அமர்த்தினார்கள்.

முதன்முதல் அவர் அமர்ந்த அதே இதழில், பதினாறு ஆண்டுகட்குப் பின், அதே பணி. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவற்றைக் காரணம் காட்டி மறுத்திருக்கலாம். நன்கொடையாகச் சில ரூபாய் அனுப்பிக் கடமையை முடித்திருக்கலாம். அவர்கள் கொடுத்தது நாற்காலியும் மேசையும் அன்றாடம் எழுதி முடிக்க வேண்டிய வேலையும். இரக்கத்தைப் பெறுபவன் இருந்த இடத்திலேயே இருக்கிறான். இருக்கையைப் பெறுபவனே எழுந்து வருகிறான். 1921இல் ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையம் வாசகசாலையில் அவர் சொற்பொழிவு ஆற்றினார்; அப்பயணம் பற்றி அவரே எழுதிய கட்டுரையும் சுதேசமித்திரனில் வெளிவந்தது.

அதனால் அவர் நெடுங்காலம் வாழ்ந்தாரா எனின், இல்லை. 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்தது. வயது 39 நிறையவில்லை. நிறுத்துதல் என்பது ஊழை மாற்றும் மந்திரம் அன்று. ஆனால் அன்று முன்னிரவிலும், மறுநாள் அலுவலகத்திற்கு ஆப்கானிஸ்தானத்து அமானுல்லா கானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு போக வேண்டும் என்று அவர் உடனிருந்தோரிடம் சொன்னதாக வரலாறு. நாளை செய்ய வேண்டிய பணி ஒன்று தனக்கு உண்டு என்னும் நினைவோடு அவர் கண்ணயர்ந்தார். கடையத்திலிருந்து திட்டங்களை அனுப்பிவிட்டு விடை வராமல் காத்திருந்த மனிதருக்கு, அது சிறிய பேறு அன்று.

விடையின் மறுபாதி அவ்வூர்ப் பக்கத்துத் திண்ணை ஒன்றில் கிடைத்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டு அமர்ந்தோம். ஐந்தாறு பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தனர். இவ்வட்டாரத்துப் பெண்கள் பலருக்கு அதுவே பிழைப்பு. புகையிலையை நம் அறம் ஏற்காது. தொழிலை நாம் இங்கே போற்றவில்லை. ஒரு தட்டு மட்டும் ஆளின்றி இருந்தது. அதன் உரியவளின் கணவர் மருத்துவமனையில் இருக்கிறாராம். ஆனால் அத்தட்டிலும் பீடிக்கட்டுகள் சேர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொருத்தியும் தன் கணக்கிலிருந்து இரண்டு கட்டு எடுத்து அதில் வைத்தாள். “கடையில் அவள் கணக்கு விட்டுப்போகக் கூடாதும்மா. நாளைக்கு எனக்கும் ஆகும்” என்றாள் மூத்தவள். அவ்வளவே பேச்சு. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாதலே இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் சொல்வதை நாம் எத்தனை முறை ஓதியிருப்போம்!

அன்றிரவு தென்காசியிலிருந்து பேத்தியோடு பேசினோம்.

“மேலாளரிடம் பேசுமுன் அவரிடம் பேசு. ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்காதே. அக்கேள்விக்கு எல்லாரும் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றே சொல்வார்கள். ‘இந்த வாரம் எந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம்’ என்று கேள். எடுத்ததைச் செய்து முடி, செய்ததை யாரிடமும் சொல்லாதே” என்றோம். இன்னொன்றும் சொன்னோம். நம் வீடுகளில் துயரம் நேர்ந்தால் ‘எல்லாம் வினைப்பயன்’ என்று ஆறுதல் கூறும் வழக்கம் உண்டு. அது தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் சொல். மனைவியை இழந்தவனிடம் மற்றவர் அதனைச் சொன்னால், ‘இது உனக்கு வேண்டியதுதான்’ என்றே அவன் காதில் விழும். அதனைச் சொல்லாதே என்றோம்.

“மேலாளர் கேட்டால்?” என்றாள்.

“அவர் பிழை செய்கிறார் என்பது பாதி உண்மை. ஏன் செய்கிறார், என்ன கொடுத்தால் மீள்வார் என்பது மறுபாதி. நாங்கள் அன்று பாதியைச் சொல்லி ஒருவரை இழந்தோம். நீ முழுவதையும் சொல். ஆனால் முதலில் அவர் இசைவு பெற்றுச் சொல். அவர் துயரம் அவருடையது.”

அவள் எளிதில் விடுபவள் அல்லள். “பிழை பெரிதாகிப் பிறர் பணத்திற்குக் கேடு வந்தால்? அப்போதும் மறைப்பதா?” என்றாள். நல்ல கேள்வி. பழிநீக்கலுக்கு எடுத்துக்காட்டான ஜினேந்திரபக்தச் செட்டியாரை நினைவூட்டினோம். நோன்பி வேடத்தில் வந்து பார்சுவநாதர் திருக்குடையின் வைடூரியத்தைக் கவர்ந்தோடியவனை, துரத்தி வந்தோர் முன் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. தாமே கொண்டுவரச் சொன்னதாகக் கூறினார். வேடம் பொய்யாயினும் அறத்தின் மேல் பழி வருமே என்று அஞ்சினார். அச்சொல்லைச் சொன்னது தகுமா என்று இன்றும் நம்முள் வாதிடுவோர் உண்டு. நமக்கும் அதில் முழு அமைதி இல்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மணியை அவர் மீட்டுக்கொண்டார். தனியே அவனைக் கடிந்து வெளியேற்றினார். கள்வனை மீண்டும் கருவூலத்தில் அமர்த்தவில்லை. “துயரத்தால் தவறுபவர் வேறு, துணிந்து வஞ்சிப்பவர் வேறு. அவரிடம் பிறர் பணத்தைத் தொடும் வேலை இருக்குமாயின், அதனைச் சில காலம் மற்றொருவர் சரிபார்க்கட்டும். அதுவும் அவருக்குச் செய்யும் காவலே” என்றோம்.

அவள் அவரிடம் பேசியிருக்கிறாள். இரவு நேர அழைப்புகளை மற்ற எழுவரும் பங்கிட்டுக்கொண்டார்களாம். குழந்தையை உறங்க வைக்கும் பொழுது அவருக்கு உரியதாயிற்று. மேலாளர் முதலில் முகம் சுளித்தார். பின்பு மூன்று திங்கள் தவணைக்கு இசைந்தார். இதனை எழுதும்போது ஒரு திங்கள் கழிந்திருக்கிறது. பிழைகள் இன்னும் நேர்கின்றன, முன்னிலும் குறைவாக. சென்ற வாரம் அவரே ஒரு பிழையைக் கண்டுபிடித்து, யாரும் சொல்லுமுன் திருத்திவிட்டாராம். அதனைச் சொல்வதற்காகவே பேத்தி இரவு பத்து மணிக்கு மேல் நம்மை எழுப்பினாள்.